பி.பி.க்கு ஒரு சத்து மாத்திரை

ரத்தக் கொதிப்புக்கு டாக்டர் எழுதித் தரும் மாத்திரையோடு பூண்டு முத்து, மக்னீசியம், மீன் எண்ணெய் என்று டப்பாக்கள் சேர்ந்துகொண்டே போகின்றன. பெங்களூரோடு தொடர்புள்ள ஒரு வேரும் ஒரு டாக்டரும் இந்த விஷயத்தில் நிறையச் சொல்லித் தந்திருக்கிறார்கள்.

காலை ஆறரை மணி. லால்பாக் வாசலில், நடை முடித்து வேர்வையைத் துடைத்தபடி வெளியே வருகிறவர்களுக்காகப் பாகற்காய், நெல்லிக்காய், வாழைத்தண்டு, அருகம்புல் சாறுகள் தயாராக இருக்கின்றன. ஒவ்வொரு சாற்றுக்கும் ஒரு வியாதி உண்டு. எந்தச் சாறு எதற்கு என்று விற்பவரிடம் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. பக்கத்தில் நின்று குடிப்பவரே சொல்லிவிடுவார். ஒன்பது மணிக்கு ஜெயநகரிலோ மல்லேஸ்வரத்திலோ மருந்துக்கடை திறந்ததும் இதே பேச்சு அங்கே தொடர்கிறது. டெல்மிசார்டன், அம்லோடிபின் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகள் உள்ளே அலமாரியில் இருக்கின்றன. அவற்றுக்கு டாக்டர் சீட்டு வேண்டும். முன்னால் கண்ணாடிப் பெட்டியின்மேல் பளபளக்கும் டப்பாக்களுக்கு எந்தச் சீட்டும் வேண்டாம். மக்னீசியம், ஒமேகா 3, பூண்டு எண்ணெய், வைட்டமின் டி, கோ என்சைம் க்யூ 10. விலை மட்டும் உள்ளே இருப்பதைவிடப் பல மடங்கு.

முதலில் இரண்டையும் சேர்த்துத்தான் சாப்பிடுகிறார்கள். சில மாதங்கள் போனதும், எத்தனை மாத்திரைதான் விழுங்குவது என்ற அலுப்பு வருகிறது. அப்போது பல வீடுகளில் கைவிடப்படுவது முன்னால் இருந்த டப்பா அல்ல, உள்ளே இருந்து எடுத்துக் கொடுத்த அட்டை. விட்டதால் தலைசுற்றுவதில்லை, வலிப்பதில்லை. ரத்த அழுத்தம் ஏறினாலும் பெரும்பாலும் உடம்புக்குத் தெரியாது. தெரியவரும் நாளில் கை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும்.

தமிழில் இந்த வியாதிக்கு வாய்த்த பெயரும் சரியில்லை. ‘ரத்தக் கொதிப்பு’ என்றதும் சூடு என்ற எண்ணம் வந்துவிடுகிறது. சூடு என்றால் தணிக்க வேண்டியதுதானே? இளநீர், மோர், வெந்தயம் என்று குளிர்ச்சியான பொருள்களைத் தேடிப் போவது அதனால்தான். ரத்தம் கொதிப்பதில்லை. இதயம் தள்ளும் ரத்தம் குழாய்ச் சுவரின்மேல் செலுத்தும் அழுத்தம், தாங்க வேண்டிய அளவைத் தாண்டி நாள் கணக்கில், வருடக் கணக்கில் நீடிக்கிறது, அவ்வளவுதான் வியாதி. ‘சத்து மாத்திரை’ என்ற சொல் அதைவிடச் சாமர்த்தியமானது. சத்து யாருக்காவது கெடுதல் செய்யுமா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் விழுங்கிவிடலாம்.

இப்படி விழுங்கக்கூடியவர்கள் சிறு கூட்டமல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்து, 2023இல் முடிவுகள் வெளியான பெரிய ஆய்வு, இந்தியாவில் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் 31 கோடியே 50 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. வயது வந்தவர்களில் 35.5 சதவீதம். மூன்று பேரில் ஒருவருக்கும் மேல்.

‘மூலிகைதானே, பக்கவிளைவு இருக்காது’ என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வேரின் கதையைச் சொல்லலாம். அதன் பெயர் சர்ப்பகந்தா. தமிழ் வைத்தியத்தில் சிவன் அமல்பொடி. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளரும் குட்டைச் செடி. பாம்புக்கடிக்கும் சித்தப்பிரமைக்கும் வைத்தியர்கள் கொடுத்துவந்தார்கள். பீகாரில் இதற்குப் பைத்தியக்கார மருந்து என்றே பெயர். 1931இல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவர், இந்த வேர் ரத்த அழுத்தத்தையும் குறைக்கிறது என்று எழுதினார்கள். அதே ஆண்டில் டெல்லியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி வேரிலிருந்து ரசாயனங்களைப் பிரித்தெடுத்து, ஒன்றுக்கு ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக அஜ்மலின் என்று பெயர் வைத்தார்.

டேராடூனில் 1930இல் முகமது மனால் தொடங்கிய ஹிமாலயா நிறுவனம் இந்த வேரை 1934இல் ‘செர்பினா’ என்ற மாத்திரையாக்கியது. பர்மாக் காட்டில் மிரண்ட யானைகளுக்கு இந்த வேரைக் கொடுத்து அடக்குவதைப் பார்த்ததில்தான் மனாலுக்கு யோசனை பிறந்தது என்பது நிறுவனம் சொல்லும் வரலாறு. யானைக் கதை இருக்கட்டும்; அந்த நிறுவனம் 1975இல் பெங்களூருக்கு வெளியே துமகூரு சாலையில் மாகளியில் ஆலை அமைத்து, பின்னர் இந்த ஊர் நிறுவனமாகவே ஆகிவிட்டது.

பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையின் இதய நோய் நிபுணர் ருஸ்தம் ஜால் வக்கீல், 50 நோயாளிகளுக்கு இந்த வேரைக் கொடுத்துப் பார்த்த முடிவுகளை 1949இல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் வெளியிட்டார். மேல்நாடு விழித்துக்கொண்டது. ஸ்விட்சர்லாந்தின் சிபா நிறுவனம் 1952இல் வேரின் முக்கியச் சத்தான ரெசர்பினைத் தனியே பிரித்தெடுத்தது. 1967இல் அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் எட்வர்ட் ஃப்ரீஸ் தலைமையில் நடந்த சோதனையில், கடுமையான ரத்த அழுத்தம் உள்ள 143 ஆண்களில் ஒரு பாதிக்கு ரெசர்பின் உள்பட மூன்று மருந்துகள், மறு பாதிக்கு வெறும் போலி மாத்திரை. போலி மாத்திரைக் குழுவில் 27 பேருக்குப் பெரிய ஆபத்து நேர்ந்தது. மருந்துக் குழுவில் இரண்டு பேருக்கு. ரத்த அழுத்தத்தைக் குறைத்தால் உயிர் பிழைக்கலாம் என்று உலகத்துக்கு முதலில் அழுத்தமாக நிரூபித்த சோதனைகளில் ஒன்று அது. அதில் ஒரு இந்திய வேரின் பங்கு இருந்தது.

இத்தனை பெருமைக்குப் பிறகும் ரெசர்பின் ஏன் ஓரம்போனது? அது நரம்பு முனைகளில் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் ரசாயனங்களைக் காலி செய்துதான் அழுத்தத்தைக் குறைக்கிறது. அதனால் மூக்கடைப்பு, தூக்கக் கலக்கம். சிலருக்கு மனச்சோர்வு வந்ததாக 1950களிலேயே டாக்டர்கள் எழுதினார்கள். எத்தனை பேருக்கு என்பதில் சர்ச்சை இன்னும் தீரவில்லை. வேரில் இன்னொரு சங்கடம், எந்த மண்ணில், எந்தப் பருவத்தில் தோண்டியது என்பதைப் பொறுத்து அதன் வீரியம் மாறும். தோண்டித் தோண்டியே செடி அரிதாகி, 1990இல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தது. வேருக்கு வேலை செய்யும் சக்தி இருந்தது, ஆகவே கெடுதல் செய்யும் சக்தியும் இருந்தது. பக்கவிளைவே இல்லாத மூலிகை என்று யாராவது விற்றால், அதற்கு விளைவாவது இருக்கிறதா என்று கேட்பது நியாயம்.

விளைவு இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தவர்களில் ஒருவர் பெங்களூரில் படித்தவர். கேரளத்துக் கொட்டாரக்கரையில் பிறந்து, செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் முடித்து, ஆக்ஸ்ஃபோர்டு வழியாகக் கனடா போன சலீம் யூசுஃப். 1990களில் வைட்டமின் ஈ மோகம் உச்சத்தில் இருந்தது. ரத்தக்குழாய் துருப்பிடிக்காமல் அது காக்கும் என்று டாக்டர்களே விழுங்கிக்கொண்டிருந்த காலம். யூசுஃப் தலைமையில் நடந்த ‘ஹோப்’ ஆய்வு, இதய ஆபத்து அதிகமுள்ள சுமார் 9,500 பேரிடம் ஒரே நேரத்தில் இரண்டு கேள்விகளைப் போட்டது. ராமிப்ரில் என்ற ரத்த அழுத்த மருந்து பயன் தருமா? நாளுக்கு 400 யூனிட் வைட்டமின் ஈ பயன் தருமா? நாலரை ஆண்டு கழித்து, 2000 ஜனவரியில் முடிவு வெளியானது. மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் மூன்றும் சேர்ந்து, ராமிப்ரில் சாப்பிட்டவர்களில் 14 சதவீதம், போலி மாத்திரைக்காரர்களில் 17.8 சதவீதம். வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களில் 16.2, சாப்பிடாதவர்களில் 15.5. அதாவது சத்து மாத்திரையால் ஒரு லாபமும் இல்லை. அதே ஆட்களை மேலும் சில ஆண்டுகள் கவனித்து 2005இல் வெளியிட்ட தொடர்ச்சியில், வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களுக்கு இதயம் பலவீனமடைவது சற்று அதிகமாகவே இருந்தது.

வைட்டமின் டி கதையும் கிட்டத்தட்ட இதுதான். ரத்தத்தில் அது குறைவாக இருப்பவர்களுக்கு அழுத்தம் அதிகமாக இருப்பது உண்மை. அதனால், வைட்டமினை ஏற்றினால் அழுத்தம் இறங்கும் என்று நினைத்தார்கள். 2015இல் முடிவு வெளியான ஒரு அமெரிக்கச் சோதனையில் வைட்டமின் குறைவும் லேசான ரத்த அழுத்தமும் உள்ள 534 பேருக்கு ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். நாளுக்கு 4,000 யூனிட் சாப்பிட்டவர்களுக்கும் 400 யூனிட் சாப்பிட்டவர்களுக்கும் அழுத்தத்தில் வித்தியாசம் இல்லை. எலும்புக்காக டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் சாப்பிட வேண்டியதுதான். பி.பி.க்காக அல்ல.

எல்லாமே சூன்யம் என்று சொல்லிவிடவும் முடியாது. மக்னீசியம் பற்றிய 34 சோதனைகளைச் சேர்த்து 2016இல் கணக்குப் பார்த்ததில், நாளுக்குச் சுமார் 370 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் சாப்பிட்டால் மேல் அழுத்தம் 2 புள்ளி குறைந்தது. 150 இருந்தவருக்கு 148. மீன் எண்ணெயும் சில புள்ளிகள் குறைக்கிறது, ஆனால் அதற்கு நாளுக்கு 2 அல்லது 3 கிராம் ஒமேகா 3 வேண்டும். இங்கே டப்பாவைத் திருப்பிச் சிறிய எழுத்தைப் படிக்க வேண்டும். 1,000 மில்லிகிராம் என்று பெரிதாகப் போட்டிருப்பது எண்ணெயின் எடை. சாதாரண மாத்திரையில் அசல் சரக்கு 300 மில்லிகிராம்தான். ஆய்வில் சொன்ன அளவுக்கு வர ஏழு முதல் பத்து மாத்திரை விழுங்க வேண்டும். அவ்வளவு விழுங்குகிறவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகும் அபாயம் கூடுகிறது என்பதும் பின்னர் தெரிந்தது. பூண்டுக்குச் சிறு ஆய்வுகளில் நல்ல பெயர் உண்டு; ஆனால் ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின் போன்றவற்றைச் சாப்பிடுகிறவர்கள் பூண்டு மாத்திரையைத் தாமாகச் சேர்த்துக்கொள்ளக் கூடாது. ரசத்தில் தட்டிப் போடும் பூண்டைப் பற்றிய பேச்சல்ல இது.

ஒப்பிட ஒரு கணக்கு: செயின்ட் ஜான்ஸ் கல்லூரியை மையமாகக் கொண்டு இந்தியாவில் 50 மருத்துவமனைகளில் 2,053 பேரிடம் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், மூன்று ரத்த அழுத்த மருந்துகளைக் குறைந்த அளவில் அடக்கிய ஒரே மாத்திரை மேல் அழுத்தத்தை 7.4 புள்ளி குறைத்தது. அதுவும் 12 வாரத்தில்.

பின்னே, எனக்குக் குறைந்ததே என்று சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. முதல் முறை டாக்டரிடம் போகும்போது பயத்தில் அழுத்தம் ஏறியிருக்கும். அதிகமாக இருந்த நாளில்தான் டப்பாவையும் வாங்குகிறோம். அடுத்த முறை பார்க்கும்போது, எதுவும் சாப்பிடாமலிருந்தாலும், அது கொஞ்சம் இறங்கியிருக்கும். போதாததற்கு டப்பா வாங்கிய உற்சாகத்தில் நடக்கவும் ஆரம்பித்திருப்பார், ஊறுகாயையும் குறைத்திருப்பார். பெயர் மட்டும் டப்பாவுக்கு. ஆய்வுகளில் போலி மாத்திரைக் குழு ஒன்றை வைப்பது இந்த மாயையைக் கழிப்பதற்காகத்தான்.

குறைக்கும் என்று நம்பி வாங்கியது அழுத்தத்தை ஏற்றுவதும் உண்டு. அதிமதுரம், கன்னடத்தில் ஜேஷ்டமது, தொண்டைக்கு இதம்; கச்சேரிக்கு முன் பாடகர்கள் வாயில் அடக்கிக்கொள்வார்கள். எப்போதோ ஒரு துண்டு மென்றால் ஒன்றுமில்லை. ஆனால் தினமும் பொடியாகவோ மாத்திரையாகவோ அதிகம் சாப்பிட்டால், சிறுநீரகம் உப்பைப் பிடித்துவைத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியேற்றிவிடும். அழுத்தம் ஏறும். தண்ணீரில் போட்டதும் நுரைத்துப் பொங்கும் வைட்டமின், கால்சியம் வில்லைகளும் அப்படியே. பொங்குவது சோடா உப்பு. ஒரு வில்லையில் 200 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் உள்ளவையும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு வைத்திருக்கும் வரம்பே 2,000 மில்லிகிராம்தான்.

சட்டம் என்ன செய்கிறது? 1954ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மாய சிகிச்சை விளம்பரச் சட்டம், சில வியாதிகளைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே தடை செய்கிறது. அந்தப் பட்டியலில் உயர் ரத்த அழுத்தமும் உண்டு. பதஞ்சலி நிறுவனத்தின் விளம்பரங்கள் பற்றிய வழக்கில் 2024இல் உச்ச நீதிமன்றம் காட்டமாகப் பேசி, பத்திரிகைகளில் மன்னிப்பு வெளியாகும் வரை போனதற்குப் பின்னால் இருந்ததும் இந்தச் சட்டம்தான். சத்து மாத்திரைகள் மருந்துச் சட்டத்தின் கீழ் அல்ல, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2016 விதிகளையொட்டி உணவு வகையில் வந்தன. டப்பாவில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று அச்சிட வேண்டும் என்பது விதி. அச்சிடவும் செய்கிறார்கள். முன்பக்கத்தில் சிவப்பு இதயப் படம். பின்பக்கத்தில், கண்ணாடி போட்டாலும் எட்டாத எழுத்தில் அந்த வரி.

இத்தனையிலும் ரத்த அழுத்தத்துக்கு உண்மையாகவே பெரிய பலன் தரும் சத்து எது? மருந்துக்கடையில் அல்ல, மளிகைக்கடையில் இருக்கிறது: பொட்டாசியம். சோடியம் அழுத்தத்தை ஏற்றுகிறது. பொட்டாசியம் சிறுநீரகத்தைத் தூண்டி அந்தச் சோடியத்தை வெளியே தள்ளச் செய்கிறது. நாம் முதலாவதை அள்ளிப் போட்டு, இரண்டாவதைக் காய்கறியோடு குறைத்துவிட்டோம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு. டெல்லி, ஹரியானாவில் அளந்தபோது சராசரி 8.59 கிராம், ஆந்திரத்தில் 9.46. பிசிபேளே பாத்துக்கு மேல் அப்பளம், ஊறுகாய், மாலையில் கோடுபளே என்று சாப்பிடும் பெங்களூரு இதில் பின்தங்கியிருக்கக் காரணமில்லை.

1997இல் அமெரிக்காவில் வெளியான ‘டேஷ்’ ஆய்வில், உப்பின் அளவை மாற்றாமலே காய், பழம், கொழுப்பெடுத்த பால் ஆகியவற்றைக் கூட்டிக் கொடுத்தபோது, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மேல் அழுத்தம் 11.4 புள்ளி இறங்கியது. ஒரு மருந்துக்குச் சமமான இறக்கம். கண்ணாடிப் பெட்டியில் உள்ள எந்த டப்பாவும் இதன் பக்கத்தில் வராது. ராகி, கீரை, வாழைப்பழம், குளிர்காலத்தில் ஊரெல்லாம் மணக்கும் அவரைக்காய் என்று கர்நாடகத்துச் சமையலறையில் இதற்குப் பஞ்சமில்லை.

உப்பையே மாற்றிப் பார்த்தவர்களும் உண்டு. வட சீனாவில் 600 கிராமங்களில் 20,995 பேர். பாதிக் கிராமங்களுக்குச் சாதாரண உப்பில் கால் பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு. ஏறத்தாழ ஐந்து ஆண்டு முடிவில், 2021இல் வெளியான கணக்குப்படி, பக்கவாதம் 14 சதவீதமும் மரணம் 12 சதவீதமும் குறைந்தன. அதே ஆண்டு வெளியான தெலங்கானா ஆய்வில், சித்திப்பேட்டைப் பக்கத்துக் கிராமங்களில் மூன்று மாதத்தில் மேல் அழுத்தம் 4.6 புள்ளி குறைந்தது. நம் உப்பில் பெரும்பகுதி பாக்கெட் உணவிலிருந்து வருவதல்ல, அடுப்படியில் கைப்பிடி அளவில் விழுவது. ஆகவே இந்த மாற்று உப்பு நமக்குப் பொருத்தமானதுதான். 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் இதைப் பரிந்துரைத்தது.

ஆனால் பரிந்துரையிலேயே சிலரை விலக்கியிருக்கிறது: கர்ப்பிணிகள், குழந்தைகள், சிறுநீரகம் பழுதானவர்கள். சீன ஆய்விலும் சிறுநீரக நோய் முற்றியவர்களைச் சேர்க்கவில்லை. பழுதான சிறுநீரகத்தால் பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாது. அது ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும், நின்றும் போகலாம். டெல்மிசார்டன், ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகளே ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. அவற்றோடு இந்த உப்பும் சேர்ந்தால்? மத்தூர் இளநீரைத் தினம் இரண்டு வாங்கிக் குடித்தால்? நல்ல சிறுநீரகத்துக்கு அது அமிர்தம். டயாலிசிஸ் செய்துகொள்கிறவரிடம் டாக்டர்கள் முதலில் நிறுத்தச் சொல்வதில் இளநீரும் ஒன்று.

விபரீதம் என்னவென்றால், சிறுநீரகத்தை மெல்லக் கெடுக்கும் வியாதிகளில் சர்க்கரைக்கு அடுத்தபடி ரத்த அழுத்தமே நிற்கிறது. பத்துப் பதினைந்து வருடம் பி.பி. இருந்து, ‘சோடியம் குறைந்தது’ என்று எழுதிய உப்பை ஆசையாக எடுக்கும் கைதான், அதை எடுக்கக் கூடாத கையாகவும் இருக்கக்கூடும். பாக்கெட் சாதாரண உப்புக்குப் பக்கத்திலேயே அடுக்கியிருக்கிறது. சீட்டுக் கேட்க ஆளில்லை. சிறுநீரகம் பாதி பழுதாகும் வரை உடம்பும் எதுவும் சொல்லாது.

இதற்குச் செலவு பெரிதல்ல. வீட்டில் உள்ள டப்பா, லேகியம், சூரணம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு டாக்டர் மேசையில் கொட்ட வேண்டும். வெட்கப்பட வேண்டாம். ஒரு வாரம் காலையும் மாலையும், ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு, கையை மார்பு உயரத்தில் வைத்துப் பார்த்த அழுத்தத்தை ஒரு தாளில் எழுதி எடுத்துப்போனால் இன்னும் நல்லது. மாத்திரைச் செலவுதான் பிரச்னை என்றால், ஜன் ஔஷதி கடையில் பத்து அம்லோடிபின் இந்த ஊர் தர்ஷினியில் ஒரு காபியின் விலைகூட ஆகாது. கிரியேட்டினின், பொட்டாசியம் இரண்டையும் பார்க்க ஒரு சிறு குழாய் ரத்தம் போதும். மாற்று உப்புப் பாக்கெட்டை அந்தச் சீட்டு வந்த பிறகு வாங்கலாம்.